மூவாயிரத்தில் முதலில் மவுஸ்

கேள்வி: வணக்கம் அண்ணா. கடலூர் முதுநகரில் இருக்கிறேன். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு போட்டு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்திருக்கிறேன். வலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் இரண்டும் ஆடுவேன். கீபோர்டும் மவுஸும் ஆபீசில் கழித்துப் போட்டவை. டபிள்யூ, டி இரண்டையும் பிடித்துக்கொண்டு ஆர் தட்டினால் குண்டு நிரம்பவே மாட்டேன் என்கிறது. ஒன்றை விட்டதும் எடுக்கிறது. புதிதாக வாங்க 3,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில் கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், பேட் நான்கும் சேர்த்து 1,500 ரூபாய்க்கு, கலர் கலராக லைட் எரிகிற செட் காட்டினார்கள். ஒரு நண்பன் மெக்கானிக்கல்தான் வாங்க வேண்டும், அதுவும் புளூ ஸ்விட்ச் என்கிறான். இன்னொருவன் காந்தம் வைத்த கீபோர்டு என்கிறான். செகண்ட் ஷிஃப்ட் முடித்து வந்து ராத்திரியில்தான் ஆடுவேன். கம்ப்யூட்டர் ஹாலில் இருக்கிறது, அங்கேயேதான் ஆயாவும் படுப்பார். உப்புக்காற்றில் எங்கள் வீட்டில் இரும்பு எதுவும் தங்குவதில்லை, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். வயர்லெஸ் நல்லதா? பாண்டியில் வாங்கினால் மலிவா? பெயர் போட வேண்டாம்.

பதில்: தம்பி, 3,000 ரூபாய் தாராளமாகப் போதும். ஆனால் கடிதம் முழுக்கக் கீபோர்டைச் சுற்றியே வருகிறது. மவுஸைப் பற்றி ஒரு வரி முழுசாக இல்லை. எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

நீங்கள் ஆடுவது இரண்டுமே சுடுகிற ஆட்டம். குறி பார்ப்பதும் சுடுவதும் வலது கை. இடது கைக்கு நகர, குதிக்க, பதுங்க, குண்டு நிரப்ப என்று பத்துப் பன்னிரண்டு கீ இருந்தால் முடிந்தது. சேர்த்து அழுத்தினால் எடுக்கிற கீபோர்டு எதுவாக இருந்தாலும் அந்த வேலை நடக்கும். மவுஸ் அப்படி இல்லை. கை போன இடத்துக்குக் குறி போகவில்லை என்றால் எத்தனை ராத்திரி பழகினாலும் வீண். அதனால் காசு முதலில் மவுஸுக்கு, அடுத்து அதற்கு அடியில் போடும் பேடுக்கு, மிச்சம் இருப்பது கீபோர்டுக்கு. லைட்டுக்கென்று ஒரு ரூபாயும் வேண்டாம்.

அந்த 1,500 ரூபாய் செட்டை விட்டுவிடுங்கள். கடைக்காரர் லாபம், கம்பெனி லாபம், 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் போக, நான்கு பொருளில் ஒவ்வொன்றுக்கும் உள்ளே எவ்வளவு செலவு செய்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இந்த மாதிரி செட்டில் வரும் மவுஸ் சர்வீஸுக்கு வந்தால் கழற்றிப் பார்ப்பேன். பெரிய உறைக்குள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். கையில் கனமாகத் தெரியட்டும் என்று அடியில் ஓர் இரும்புத் துண்டை ஒட்டியிருப்பார்கள், சுற்றிலும் எல்இடி. கை நகர்வை அளக்க வேண்டிய சென்சார் மேல் பெயரே இருக்காது.

பெட்டியில் மட்டும் 7,200 டிபிஐ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் எத்தனை புள்ளி எண்ணுகிறது என்பதுதான் டிபிஐ. எண் பெரிதானால் திரையில் குறி வேகமாக ஓடும், அதனால் துல்லியம் கூடிவிடாது. மலிவான சென்சாரில் அந்தப் பெரிய எண்ணே கணக்கில் பெருக்கிக் காட்டுவதாக இருக்கும். போட்டிகளில் காசுக்கு ஆடுகிறவர்களே பெரும்பாலும் 400, 800, 1,600 என்ற அளவுகளில்தான் வைத்துக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு: வேகமாக வீசும்போது சென்சார் தடுமாறுகிறதா?

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். விண்டோஸ் மவுஸ் செட்டிங்கில் 'என்ஹான்ஸ் பாயின்ட்டர் பிரிசிஷன்' என்று ஒரு டிக் இருக்கும், முதலில் அதை எடுங்கள். பெயரைப் பார்த்தால் துல்லியம் கூடும் போலத் தோன்றும். உண்மையில் கை வேகத்துக்குத் தக்கபடி தூரத்தை மாற்றிக்கொண்டே இருக்கிற சமாச்சாரம் அது. பிறகு ஆட்டத்துக்குள் போய், சுவரில் ஒரு புள்ளியைக் குறி வைத்து, மவுஸைக் கீபோர்டின் வலது ஓரத்தில் ஒட்டி வையுங்கள். மெதுவாக ஒரு சாண் வலப்பக்கம் நகர்த்துங்கள். அங்கிருந்து சடாரென்று இழுத்துக் கீபோர்டு ஓரத்தில் மறுபடி ஒட்ட வையுங்கள். குறி பழைய புள்ளிக்கே வந்தால் சென்சார் நல்லது. ஆகாயத்தையோ தரையையோ பார்த்துக்கொண்டு நின்றால், இத்தனை நாள் தோற்றதில் பாதிப் பழியை மவுஸ் மேல் போடலாம். இப்போது இருக்கிற ஆபீஸ் மவுஸையே வைத்து ஒரு தடவை செய்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

அந்த ஆபீஸ் மவுஸ் தன் நகர்வைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வதே வினாடிக்கு 125 தடவையாகத்தான் இருக்கும். அதாவது 8 மில்லி வினாடிக்கு ஒன்று. கேமிங் மவுஸ் 1,000 தடவை சொல்லும்.

உங்கள் பணத்துக்கு என் முதல் கைகாட்டல் லாஜிடெக் ஜி102. ஒயர் உள்ளது, 85 கிராம், கட்டைவிரல் பக்கம் இரண்டு பட்டன். விலை ஏறி இறங்கும். பெரும்பாலும் 1,200 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். நீளம் 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்பதால் சின்னக் கை, நடுத்தரக் கைக்குப் பொருந்தும். உள்ளங்கை முழுவதையும் மவுஸ் மேல் படுக்க வைக்கிற பழக்கம் உள்ள பெரிய கையாக இருந்தால் ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல் பாருங்கள். அது ஜி102ஐ விட ஒரு சென்டிமீட்டர் நீளம் அதிகம், கொஞ்சம் கனம், விலையும் கொஞ்சம் கூட. இரண்டில் எது என்பதைக் கடையில் கையில் பிடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், படத்தைப் பார்த்து இல்லை.

பேடை அலட்சியம் செய்யாதீர்கள். கண்ணாடி போட்ட மேஜையில் பெரும்பாலான சென்சாருக்குக் கண் தெரியாது. சன்மைக்கா மேஜையில் தெரியும், ஆனால் அடியில் உள்ள வழுக்கும் பட்டை சீக்கிரம் தேய்ந்துவிடும். துணி பேட், 45 க்கு 40 சென்டிமீட்டர் அளவில் 300 ரூபாய் சுற்றி வாங்குங்கள். டிபிஐயை 800 இல் நிறுத்தி, ஆட்டத்துக்குள் சென்சிட்டிவிட்டியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பேடின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்தால் ஒரு முழுச் சுற்று திரும்புகிற அளவு ஆரம்பத்துக்குச் சரி. முதல் வாரம் கை வலிக்கும், எரிச்சலாகவும் இருக்கும். மணிக்கட்டால் ஆடியதை முழங்கையால் ஆடப் பழகுகிறீர்கள். அந்த வாரத்தில் செட்டிங்கை மாற்றாதீர்கள்.

இனி கீபோர்டு. மூன்றாவது கீ எடுக்கவில்லை, ஒன்றை விட்டதும் எடுக்கிறது என்று எழுதினீர்கள் அல்லவா, அதிலேயே கோளாறு என்னவென்று தெரிந்துவிட்டது. கீபோர்டு கெட்டுப்போகவில்லை, அதன் அமைப்பே அப்படி. உள்ளே நூற்றுச் சொச்சம் கீக்குத் தனித்தனி ஒயர் கிடையாது. நெடுக்கில் சில கோடு, குறுக்கில் சில கோடு. ஒரு கீயை அழுத்தினால் ஒரு நெடுக்குக் கோடும் ஒரு குறுக்குக் கோடும் தொட்டுக்கொள்ளும். எந்த இரண்டு தொட்டன என்று பார்த்துக் கீயைக் கண்டுபிடிக்கிறது. இந்தக் கட்டத்தில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலையில் உள்ள கீக்களைச் சேர்த்து அழுத்தினால், மின்சாரம் சுற்றிக்கொண்டு வந்து நான்காவது மூலையும் அழுத்தப்பட்டது போலவே காட்டும். எது நிஜம் என்று அதற்குத் தெரியாது. அதனால் மூன்றாவதையே வாங்கிக்கொள்ளாமல் விடும்படி செய்து வைத்திருக்கிறார்கள். கடிதம் அடிக்கிறவருக்கு இதனால் நஷ்டமில்லை, உங்களுக்குத்தான் உயிர் போகிறது.

எந்தெந்தக் கீக்கள் ஒன்றுக்கொன்று இடிக்கின்றன என்று பார்க்க நோட்பேடைத் திறந்து, இரண்டு பக்க ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு ஏ முதல் இசட் வரை வரிசையாக அடியுங்கள். ஆபீஸ் கீபோர்டில் பெரும்பாலும் சில எழுத்து விழாது. கடையில் புதுக் கீபோர்டு பார்க்கும்போதும் இதையே செய்யுங்கள். அதோடு டபிள்யூ, டி, ஆர் மூன்றையும், பிறகு டபிள்யூ, ஏ, ஸ்பேஸ் மூன்றையும் ஒரே தட்டாகத் தட்டிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. ஜி102 வாங்கியதும் கட்டைவிரல் பட்டன் ஒன்றில் ரீலோடை, அதாவது குண்டு நிரப்புவதை, போடுங்கள். குதிப்பதை மவுஸ் சக்கரத்துக்குக் கொடுங்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுகிறவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இடிக்கிற கீ கீபோர்டை விட்டே போய்விட்டால் கோளாறும் போய்விட்டது. ஆகவே என் யோசனை, இந்த மாதம் மவுஸும் பேடும் மட்டும் வாங்குங்கள். 1,600 ரூபாய் சுற்றி ஆகும். பழைய கீபோர்டிலேயே ஒரு மாதம் ஆடுங்கள். கையில் நிற்கிற 1,400 ரூபாயோடு அடுத்த சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்தால், ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் உள்ள உருப்படியான மெக்கானிக்கல் கீபோர்டே வந்துவிடும். பொறுமை இல்லை, இப்போதே வேண்டும் என்றால் 26 கீ ஆன்டி கோஸ்டிங் என்று போட்ட, உள்ளே ரப்பர் குமிழ் வைத்த சாதா மெம்பரேன் கீபோர்டு 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ஆட்டத்துக்கு வேண்டிய கீக்களை மட்டும் ஒன்றோடொன்று இடிக்காத கோடுகளில் பிரித்து வைத்திருப்பார்கள். இடது கையில் ஐந்து விரல்தான், அது போதும்.

உங்கள் நண்பன் சொன்ன புளூ ஸ்விட்ச் நல்ல ஸ்விட்ச்தான். ஆனால் உங்கள் ஹாலுக்கு அது வேண்டாம். அதன் சத்தம் எப்படி என்று தெரிய வேண்டுமானால் பத்திரப்பதிவு ஆபீஸ் பக்கம் ஜாப் டைப்பிங் கடையில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அங்கே டிவிஎஸ் கோல்டு கீபோர்டு இருந்தால் அதற்குள் இருப்பது செர்ரி நிறுவனத்தின் அதே புளூ ஸ்விட்ச். பாதி இறங்கும்போதே டக்கென்று ஒரு ஒலி, அடியில் மோதும்போது இன்னொரு ஒலி. டைப் அடிக்கிறவர்களுக்கு அந்த டக் ஒரு சுகம். நடு ராத்திரியில் பக்கத்தில் படுத்திருக்கிற ஆயாவுக்கு அது சுகமாக இருக்காது. மைக்கில் கேட்டு உங்கள் டீம் ஆட்களும் திட்டுவார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது ரெட் ஸ்விட்ச். நடுவில் டக் கிடையாது, வழுக்கிக்கொண்டு இறங்கும். செர்ரி கணக்கில் மொத்தம் 4 மில்லிமீட்டர் ஆழம், பாதி ஆழமான 2 மில்லிமீட்டரிலேயே கீ பதிந்துவிடும்; அழுத்த வேண்டிய விசையும் புளூவைவிடக் குறைவு. அடியில் மோதுகிற சத்தம் இதிலும் உண்டு, அதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். கீபோர்டுக்கு அடியில் பழைய துண்டை மடித்துப் போடுங்கள். மேஜை அதிர்வது நின்றாலே சத்தம் பெரும்பகுதி அடங்கும். அதுவும் ஆயாவுக்குத் தொந்தரவு என்றால் மெம்பரேனோடு நின்றுவிடுங்கள். ரப்பர் குமிழ் மேல் விழுகிற கீ பொத்தென்று விழும், அவ்வளவுதான். மெக்கானிக்கல் வாங்கினால்தான் சுடத் தெரியும் என்று ஒன்றுமில்லை.

ரெட் ஸ்விட்ச் போட்ட மெக்கானிக்கல் கீபோர்டில் 87 கீ உள்ளதாகப் பாருங்கள். வலது பக்க நம்பர் பேட் இல்லாததால் ஏழெட்டு சென்டிமீட்டர் இடம் மிச்சமாகும், அது முழுவதும் மவுஸுக்கு. ரெட்ராகன், காஸ்மிக் பைட், ஆன்ட் ஈஸ்போர்ட்ஸ் மாதிரி கம்பெனிகளில் 2,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். ஒரே மாடல் இரண்டு மூன்று ஸ்விட்ச்சில் வரும். பெட்டி ஓரத்தில் ரெட் என்று இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். ஹாட் ஸ்வாப் என்று இருந்தால் இன்னும் நல்லது. ஒரு ஸ்விட்ச் கெட்டால் சாமணம் மாதிரிக் கருவியால் பிடுங்கிப் புதிதைச் சொருகலாம், சோல்டரிங் தேவையில்லை.

'மெக்கானிக்கல் ஃபீல்' என்று போட்டிருந்தால் உஷார். ஃபீல் என்று ஒட்டிக்கொண்டாலே உள்ளே ரப்பர் குமிழ் என்று அர்த்தம். சந்தேகமானால் ஒரு கீயின் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நிஜ மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கு அடியிலும் தனிச் சின்னப் பெட்டி, நடுவில் கூட்டல் குறி மாதிரி ஒரு தண்டு, பெட்டி மேல் அவுட்டெமு, கேட்டரான், கைல் என்று செய்தவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். கூட்டல் குறி மட்டும் இருந்து பெட்டியும் பெயரும் இல்லை என்றால் நம்ப வேண்டாம், இப்போது ரப்பர் கீபோர்டிலும் அந்தத் தண்டை வைக்கிறார்கள்.

காந்தக் கீபோர்டு உங்களுக்கு இப்போது வேண்டாம். கீ எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைக் காந்தப் புலத்தை அளந்து கண்டுபிடிக்கிற தொழில்நுட்பம், விரலைக் கொஞ்சம் தூக்கினாலே கீயை விட்டதாக எடுத்துக்கொள்ளும். நல்ல சரக்குதான், ஆனால் உங்கள் பணம் மொத்தத்தையும் அது ஒன்றே விழுங்கிவிடும். இன்னொன்று, எதிரெதிர்த் திசைக் கீ இரண்டையும் பிடித்தால் கடைசியாக அழுத்தியதைத் தானாகவே எடுத்துக்கொள்கிற வசதி சிலவற்றில் உண்டு. கவுன்டர் ஸ்ட்ரைக் நடத்துகிற வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் தன் சர்வர்களில் அதற்குத் தடை போட்டது. அதைப் போட்டுக்கொண்டு ஆடினால் ஆட்டத்திலிருந்தே தூக்கிவிடுவார்கள்.

வயர்லெஸ் இந்த பட்ஜெட்டில் வேண்டாம். நல்லது விலை அதிகம், மலிவானது நம்பத் தகாது.

உப்புக்காற்று விஷயம் நிஜமான கவலை. முதுநகர், தேவனாம்பட்டினம், இங்கே பாண்டியில் வைத்திக்குப்பம் பக்கத்திலிருந்து வரும் கீபோர்டுகளை மூடியைக் கழற்றிப் பார்த்தாலே தெரியும்: ஸ்பேஸ் பாருக்கு அடியில் அது சாயாமல் இருக்கப் போட்ட கம்பி பழுப்பேறி, ஸ்பேஸ் கரகரவென்று இறங்கும், இரும்புத் தகட்டில் பெயின்ட் உரிந்த இடமெல்லாம் துரு. மவுஸில் வேறு விதம். பட்டனுக்கு அடியில் மைக்ரோ ஸ்விட்ச்சுக்குள் மெல்லிய செம்புத் தகடு ஒன்று இருக்கிறது. அது கறுத்துவிட்டால் ஒரு தட்டு இரண்டு தட்டாகப் பதியும். ஒரு ஃபோல்டரை ஒரே ஒரு தட்டுத் தட்டினால் திறந்துகொள்கிறதா, வியாதி அதுதான். வாரன்டி முடிந்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள், மூன்று கால் உள்ள அந்த ஸ்விட்ச்சை மட்டும் மாற்றலாம், விலை சொற்பம்.

கம்ப்யூட்டரைக் கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். ஆடி முடித்ததும் கீபோர்டு மேல் ஒரு துணி. ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு வாரம் தொடாமல் விட்டுவிடாதீர்கள், ஓடுகிற பொருளில் ஈரம் அவ்வளவு தங்காது. துருவுக்கு என்று விற்கிற எண்ணெய் ஸ்ப்ரேயைக் கீக்குள் அடித்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது தூசியை இழுத்துக் களிம்பாக்கிவிடும். துடைக்க வேண்டுமானால் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு.

பாண்டியில் மலிவா என்ற கேள்விக்கு வருகிறேன். 2017 ஜூலைக்கு முன்னால், இரண்டு பக்கமும் வரி வேறு வேறாக இருந்தபோது அந்தப் பேச்சில் அர்த்தம் இருந்தது. ஜிஎஸ்டி வந்த பிறகு முள்ளோடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கீபோர்டுக்கு ஒரே வரிதான். பாண்டியில் மலிவான சரக்கு வேறு, அது உங்களுக்கே தெரியும். பஸ் ஏறி இங்கே வந்து மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை, கடலூரிலேயே விசாரியுங்கள். ஆன்லைனில் நூறு இருநூறு குறைந்தால் வாங்கலாம், விற்கிறவர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே சண்டே மார்க்கெட்டில் பெரிய கம்பெனி பெயர் போட்ட மவுஸ் 300 ரூபாய்க்குக் கிடைத்தால் அது அந்தக் கம்பெனி மவுஸ் இல்லை.

எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கேளுங்கள், அதில் பொருளின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் வாரன்டி வெறும் வாய்ப்பேச்சு. முதல் வாரமே எல்லாக் கீயையும் நோட்பேடில் தட்டிப் பாருங்கள், மவுஸில் நான் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். குறை இருந்தால் மாற்றிக் கொடுக்கிற நாட்கள் அவைதான். அதுவரை பெட்டியையும் உள்ளே வைத்த அட்டையையும் பரணில் போட்டு வையுங்கள். கொடுத்த பில் தெர்மல் காகிதமாக இருந்தால் கொஞ்ச நாளில் எழுத்து மங்கிவிடும், அன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.